சாவியை மாட்டிய கை

கடலூர் நீதிமன்றத்தில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ரஹ்மத் அழைத்தாள். "ஆன்ட்டி, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள். அவள் அப்பா, வழக்கறிஞர் ஜலாலுதீன், காலையில் சிதம்பரம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாரடைப்பில் விழுந்துவிட்டார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். சிதம்பரம்–கடலூர் பேருந்தில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போட்ட சண்டை. எல்லோருக்கும் ஒரே சிவில் சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. "வரட்டும் தங்கச்சி. அது யாரு வீட்டு வழக்கம்னு மொதல்ல சொல்லு" என்பார். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் குரல் ஏறிவிடும்.

ஒருநாள் மடக்கினேன். மனைவியை இழந்தவர், ஒரே மகள். நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் உங்கள் சட்டப்படி வீட்டில் பாதி உங்கள் தம்பிக்குப் போகுமே, அது நியாயமா என்று கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து ரஹ்மத் கையில் வைத்தார். "இந்த வீட்ட ஒனக்கு ஹிபா பண்ணிட்டேன்" என்றார். ஹிபா என்றால் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடும் கொடை. வாயால் சொன்னால் போதும். வாங்குபவர் ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும்; வீடென்றால் சாவி. அவள் சிரித்துக்கொண்டே "ஏத்துக்கிட்டேன் அத்தா" என்றாள். "எங்க சட்டத்துல வழி இல்லன்னியே, நீதான் சாட்சி" என்றார் என்னிடம். முதலில் பதிவு பண்ணுங்கள் பாய் என்று கிண்டல் செய்தேன். பண்ணிக்கலாம் என்றார். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிய மனிதர், கடைசிவரை அதை மட்டும் செய்யவில்லை.

ரஹ்மத் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு டீ போடப் போனாள். எதையும் கிடந்த இடத்தில் விடாத பாழாய்ப்போன பழக்கம் எனக்கு. எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டேன்.

அவர் இறந்த மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் தம்பி அழுது முகம் வீங்கியிருந்தார். கெட்டவர் இல்லை. "அண்ணன் ஹிபா பண்ணாருங்குறா புள்ள. நெசம்னா நான் வெலகிக்கிறேன். இல்லன்னா எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு. நீங்க இருந்தீங்களாமே, சாவி கடைசியா யாரு கையில இருந்துச்சு?" என்று கேட்டார். ரஹ்மத் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

இருபது வருடம் நான் திட்டித் தீர்த்த அதே சட்டம்தான் இப்போது அவளுக்குத் துணை. அதற்கு ஒரே சாட்சி நான். சாவி ஆணிக்கே திரும்பியது என்றால் வீடு கைமாறவே இல்லை என்று ஆகிவிடலாம். மகள் கையில்தான் இருந்தது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் ஜலால் பாய் ஒவ்வொரு சாட்சியிடமும் கூண்டில் ஏறும் முன் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத." அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

"பாய் குடுத்தாரு, புள்ள வாங்குனா" என்றேன். "கடைசியா என் கையில இருந்துச்சு."