பாட்டு மச்சான் பூட்டிய ஸ்பீக்கர்

பாட்டு மச்சான், நீங்கள் மௌத்தான செய்தியைப் பொத்துவில் பஸ்ஸின் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன் நீங்கள் கோமாரியிலிருந்து வந்து இறங்குகிற அதே பஸ். நான் வாசல் கடப்படியில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். நீங்கள் இறங்கவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, "ராத்தா, உள்ளுக்கு ஆம்பிளையள் ஆரும் இரிக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு உங்களைத் தூக்கினார்கள். சந்தூக்கைத் தூக்குமுன் உங்கள் மகன் முற்றத்தில் நின்று, "எங்கட வாப்பா ஆருக்கும் மனம் நோக நடந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றான். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் "பொறுத்தம், பொறுத்தம்" என்றார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. பொறுக்க வேண்டியவர் சந்தூக்குக்குள் கிடந்தார். மனம் நோக நடந்தவள் நான், சுவரோடு சாய்ந்து நின்றேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓத வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறார்களாம். "சாச்சி, வாப்பாவப் பத்தி நீங்களும் எழுதித் தாங்க" என்று மகன் கொப்பித் தாளைத் தந்துவிட்டுப் போனான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நல்லவர், பொறுமைசாலி என்று நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுத எனக்குத் தகுதி இல்லை.

நீங்கள் என் உடன்பிறந்த ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது நான் பாவாடை கட்டின பிள்ளை. ஒரு கையில் உடுப்புப் பெட்டி, மறு கையில் ரேடியோ. அன்றைக்கே உங்களுக்கு நான் பாட்டு மச்சான் என்று பெயர் வைத்தேன். ஓயாமல் கதைத்ததால் நீங்கள் என்னைக் கிளி என்றீர்கள். பிறகு எனக்குக் கலியாணமாகி, பிள்ளைகள் பிறந்தும் அந்தப் பெயர் போகவில்லை. கல்முனை பஸாரில் ரேடியோ திருத்துகிற உங்கள் கடையை எல்லாருக்கும் தெரியும். "செத்த ரேடியோ எண்டு ஒண்டும் இல்ல, வாய் மூடின ரேடியோதான் இரிக்கி" என்று சொல்வீர்கள்.

என் புருசன் சவூதியிலிருந்து வந்து பழைய கார் ஒன்று வாங்கினார். அதோடு அங்கிருந்து கொண்டுவந்த கெசட் செட், சத்தம் கூட்டுகிற பூஸ்டர், சோற்றுக்கோப்பை அளவு இரண்டு பெரிய ஸ்பீக்கர். காரில் முதலே இருந்தது ஒரே ஒரு குட்டி ஸ்பீக்கர். அதில் ஆம்பிளை பாடினாலும் பொம்பிளை பாடின மாதிரித்தான் கேட்கும். இதையெல்லாம் காரில் பூட்டித் தர நீங்கள் கடையை மூடிவிட்டு நாலு நாள் எங்கள் முற்றத்தில் வேலை செய்தீர்கள். டிக்கிக்கு அளவாக இரண்டு ஸ்பீக்கருக்கும் பலகையில் பெட்டி அடித்தீர்கள். உள்ளே அடைக்கப் பஞ்சு போதாமல், உங்கள் தலையணையையே பிரித்தீர்கள். ராத்தா ஏசினா. "தலைக்கு ஒரு சாரனைச் சுருட்டி வெச்சிக்கிறன், இந்தப் பெட்டிக்கு அது முடியாதுகா" என்றீர்கள்.

இரண்டு ஸ்பீக்கரையும் வயரில் கொழுவும்போது நான் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டேன். ஸ்பீக்கருக்கு ஒரு ரெட்டை வயர். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் அதன் இரண்டு நுனியையும் மாற்றிக் கொழுவினால் என்ன நடக்கும் என்று சொன்னீர்கள். "ஒராள் தள்ளுறான், மத்த ஆள் இழுக்கிறான். தோணி நகருமா? அந்த மாதிரித்தான், தம் தம் எண்ட அடிச்சத்தம் செத்துப் போகும்." பாட்டைப் போட்டதும் குசினித் தட்டில் கோப்பைகள் நடுங்கின. கோழிகள் வேலிக்கு அங்கால ஓடின. "சத்தம் காதில விழுந்தாப் போதாது கிளி, வயித்தில விழணும்" என்றீர்கள். ஊர் தாண்டி மாவடிப்பள்ளி வரைக்கும் கேட்கும் என்று நான் சொல்ல, "உன்ட வாய் பூஸ்டர் இல்லாமலே அங்க கேக்குமே" என்று சிரித்தீர்கள்.

அடுத்த கிழமை என் தங்கச்சியின் கலியாணம். மாப்பிள்ளையைக் கூட்டி வர அந்தக் கார்தான் போகும் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் நான் ஒரு மாதமாகப் பீத்திக்கொண்டு திரிந்தேன். செட் பூட்டின பிறகு, மாவடிப்பள்ளிக்கே கேட்கும் என்றும் சொன்னேன். கலியாணத்தன்று காலையில் அவர்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். தட்டுகள் காரில் கொள்ளவில்லை. டிக்கியில் உங்கள் பெட்டி. அதைச் சரித்து ஓரமாக வைக்க வயர் எட்டவில்லை. ஒருவரும் பார்க்காத நேரம் வயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து நாலு நுனியையும் கழற்றினேன். தட்டுகள் போய் கார் திரும்பி வந்ததும் பெட்டியைத் தள்ளி, நுனிகளை முறுக்கி, நீங்கள் சுற்றின டேப்பையே திரும்பவும் சுற்றினேன். எது எதோடு இருந்தது என்று நான் பார்த்து வைக்கவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை வயர்.

பின்னேரம் நாங்கள் மாப்பிள்ளையைக் கூட்டப் போய், அவர் வீட்டு ஒழுங்கையில் கார் நின்றது. பள்ளியடி தாண்டும் வரைக்கும் மூடி வைத்திருந்த செட்டை என் புருசன் அங்கேதான் திறந்தார். சத்தம் வந்தது, ஆனால் அடி இல்லை. தகரத்துக்குள் நுளம்பு கத்தின மாதிரி. மாப்பிள்ளையின் மூத்த ராத்தா பர்தாவை வாயில் வைத்துக்கொண்டு, "இதா மச்சி மாவடிப்பள்ளிக்குக் கேக்கிற செட்டு? எங்கட கோழிக்கூட்டுக்கே கேக்கல்லியே" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. காலையில் நான் செய்த வேலை அப்போது நினைவில் வரவே இல்லை. அல்லாஹ் அறிய அது உண்மை. என் வாயில் வந்தது இதுதான்: "வெளிநாட்டு ஸ்பீக்கரக் கழட்டிட்டுப் பழசப் போட்டிரிக்கார் பாட்டு மச்சான்."

நீங்கள் பின்னால் நின்றீர்கள். டிக்கியைத் திறந்து, பெட்டியை ஒழுங்கையில் இறக்கி, பின்பலகையைக் கழற்றி அத்தனை பேருக்கும் காட்டினீர்கள். இரண்டு ஸ்பீக்கரும் அதேதான். கலியாண உடுப்பு முழுக்கத் தலையணைப் பஞ்சு. பிறகு குந்தி இருந்து வயரைப் பார்த்தீர்கள். நிமிர்ந்து என்னைக் கேட்டீர்கள்.

"கிளி, இந்தப் பெட்டிய ஆரும் தொட்டதா?"

அந்த நேரம் எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. சுற்றிலும் அவ்வளவு சனம். உங்களைக் கள்ளன் என்று சொல்லி ஒரு நிமிசம் ஆகவில்லை. "இல்ல மச்சான், ஒராளும் தொடல்ல" என்றேன்.

"அப்ப என்ட கைதான்" என்றீர்கள். ஒரு ஸ்பீக்கரின் நுனிகளை மாற்றினீர்கள். வேலிக் கிடுகு அதிரச் சத்தம் வந்தது, சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் புருசன் சனத்துக்கு முன்னால், "பெட்டி ரேடியோ திருத்துறவன்ட கையில இந்தச் சாமானக் குடுத்தது என்ட பிழை" என்றார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உங்களிடம் கார் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சின்ன ரேடியோவுக்கு வயர் இழுத்தாலும் ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு வைப்பீர்கள். இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பீர்கள். பிறகு கடையை மூடிக் கோமாரிக்குத் தென்னந்தோட்டம் பார்க்கப் போனீர்கள். வெள்ளிக்கு வெள்ளி வரும்போது எனக்கும் இளநீர் கொண்டுவந்தீர்கள். அதைக் குடிக்கும்போதும் நான் சொல்லவில்லை.

ஒரு பெருநாளன்று சொல்ல வாயெடுத்தேன். "மச்சான், அண்டைக்கு அந்தப் பெட்டி..." என்றதும், "அத விடு கிளி, எத்தின வருசமாச்சு" என்று இளநீர்க் குலையைத் தூக்கிக்கொண்டு எழும்பினீர்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் எனக்கு இப்போது மிகவும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று, வெளியே இறங்காமல் இத்தா இருக்கிற ராத்தாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவ சொன்னா: "கடையத் திறங்களன் எண்டு எத்தினையோ தரம் கேட்டன். 'என்ட கைய நானே நம்பல்ல, ஊராக்கள் என்னெண்டு நம்புற?' எண்டுவார்." நான் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இதை வாசிக்கிற சொந்தக்காரர், பஸார் ஆட்கள், அந்த ஒழுங்கையில் சிரித்தவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். பாட்டு மச்சானின் கை பிழைக்கவில்லை. பெட்டியைத் தொட்டது நான். பொய் சொன்னதும் நான். ராத்தாவும் இதை இப்போதுதான் அறியப் போகிறா. அவ பொறுத்தாலும் பொறுக்காவிட்டாலும் அது அவட பாடு.

மச்சான், உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சி இருப்பது "அப்ப என்ட கைதான்" என்ற அந்த ஒரு சொல். தொழுகையிலும் அதுதான் காதில் விழுகிறது. நான் தொட்டதை அந்த வயரிலேயே கண்டுகொண்டு என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்களா, இல்லாவிட்டால் என் பொய்யை நம்பி உங்கள் கையைச் சந்தேகித்தபடியே கபுறுக்குப் போனீர்களா?