ஒரு மரக்கால் தவிடு

வேப்பூர் கூட்டுரோட்டில் என்னை இறக்கிவிட்ட கண்டக்டர், "விருத்தாசலம் பஸ்ஸு அந்தாண்ட நிக்குது, ஓடுங்க ஓடுங்க" என்று கையைக் காட்டிவிட்டு விசில் ஊதினார். நான் ஓடவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்கு மேல் பஸ்ஸுக்காக ஓடுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து தொண்ணூற்றைந்து ரூபாய் டிக்கெட், இரண்டேகால் மணி நேரப் பயணம், காலை ஒன்பதுக்கே தார் ரோடு காய ஆரம்பித்திருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கடையில் டீ குடித்தேன். போய்ச் சேரவேண்டும் என்று அவசரமும் இருந்தது, போய்ச் சேர்ந்துவிடுவோமே என்று பயமும் இருந்தது. அதனால் இன்னொரு டீயும் குடித்தேன்.

ஒரு நாவலால் வந்த பயணம் இது. எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் ஒரு நாவலைப் படித்தோம். படித்ததை உங்கள் குடும்பத்தோடு பொருத்தி ஆளுக்கு நாலு பக்கம் எழுதி வாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள். எனக்கு மட்டும் பஸ் ஏறவேண்டியதாகிவிட்டது.

நாவலின் கதை இவ்வளவுதான். கடலோர ஊரில் ஒருத்தி, பிள்ளையில்லாத தன் அக்காவுக்குத் தன் மகளைக் கொடுத்துவிட்டு அதே தெருவில் குடியிருக்கிறாள். அக்கா கொடுமைக்காரி. பெற்றவள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து முந்நூறு பக்கம் அழுகிறாள். கடைசி அத்தியாயத்தில் கொட்டும் மழையில் மகள் ஓடிவந்து காலில் விழுந்து "அம்மா" என்று கூப்பிடுகிறாள். முடிந்தது.

அந்த மகள் நான்தான். ஜன்னல், மழை, கொடுமைக்கார அக்கா மூன்றும் எங்கள் வீட்டில் கிடையாது. என்னை வளர்த்த அம்மா என்னைப் பூப்போல வைத்திருந்தாள். அவளுடைய தங்கை அஞ்சலை, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். என்னைப் பெற்றவள் அவள். நான் அவளைச் சித்தி என்று கூப்பிடுகிறேன்.

எந்தப் பிள்ளையையும் அழவைக்க வீடுகளில் சொல்வார்களே, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று, அதை என் அம்மாவும் சொல்வாள். நானும் உதட்டைப் பிதுக்கி அழுது, பிறகு சிரிப்பேன். பத்தாம் வகுப்புப் படிக்கும்போதுதான் அது விளையாட்டுப் பேச்சல்ல என்று தெரிந்தது. பிள்ளையைச் சும்மா கொடுத்தால் நிலைக்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் அம்மா ஒரு மரக்கால் தவிட்டை அளந்து தன் தங்கையின் முறத்தில் கொட்டிவிட்டு, நாற்பது நாள் குழந்தையான என்னை வாங்கிக்கொண்டு திருச்சிக்கு வந்திருக்கிறாள். அன்றோடு பெற்றவளுக்குப் பாத்தியதை போய்விட்டது.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. முதல் வருஷத் திதிக்குச் சித்தி வந்து இரண்டு நாள் இருந்தாள். கிளம்பும்போது அந்த நாவலை அவள் பையில் வைத்து, "படிச்சிப் பாருங்க சித்தி" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "படிச்சிட்டேன். ஒரு எட்டு வந்துட்டுப் போ."

விருத்தாசலம் தனியார் பஸ், இருபது ரூபாய். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரமும் இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு. பக்கத்து சீட்டில் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகிற அம்மாள் ஒருவர், மடியில் கோழிக்குஞ்சுக் கூடையோடு.

"யாரு வூட்டுக்குப் போறீங்க?"

"சித்தி வூட்டுக்கு."

"அம்மா இருக்காங்களா?"

"போன வருஷம் போயிட்டாங்க."

"அடப் பாவமே. இனிமே சித்திதான் ஒங்களுக்கு அம்மா மாதிரின்னு வச்சிக்குங்க," என்று என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். கூடைக்குள்ளிருந்து குஞ்சுகளும் கத்தின. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் நிலையத்திலிருந்து பீங்கான் பேட்டைக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். சுற்றிலும் புகைபோக்கிகளும் தகரக் கொட்டகைகளும். வெள்ளைத் தூசி படியாத வேப்பமரம் ஒன்றுகூட இல்லை. சித்தி வேலை செய்கிற கொட்டகையில் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். களிமண் கூழை அச்சில் ஊற்றிக் கொஞ்சம் இறுகியதும் அச்சை இரண்டாகப் பிரித்தால் உள்ளே பொம்மை நிற்கும். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் தலையிலிருந்து கால்வரை ஒரு தழும்பு கோடாக ஓடும். அதைச் சிறு கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் செய்வது சித்தியின் வேலை. அன்றைக்கு அவள் மடியில் பிள்ளையார்.

"எங்க அக்கா பொண்ணு. திருச்சில டீச்சரா இருக்குது," என்றாள் மற்றவர்களிடம். இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்கிறாள். குரலில் ஒரு பிசிறும் இருக்காது.

பக்கத்தில் இருந்த ராணி என்ற பெண், "அந்தப் புக்கு குடுத்தது நீங்கதானா? சாப்பாட்டு நேரத்துல அஞ்சலையக்கா எங்களுக்குப் படிச்சிக் காட்டுனாங்க. ஒரே அழுவாச்சி. முதலாளி வந்து என்னா சாவு வூடான்னு கேட்டாரு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி பிள்ளையாரின் தும்பிக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள். மணிமுத்தாற்றுப் பாலம் தாண்டி இரண்டு சந்து, ஒரு தளம் போட்ட வீடு. சித்தப்பா இறந்து ஆறேழு வருஷம் இருக்கும். அவர்கள் மகன், என் அண்ணன், பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். அவனோடு எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. கூடப்பிறந்தவனும் அண்ணன்தான், சித்தி மகனும் அண்ணன்தான். முறையில் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்.

கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நாவலைப் பற்றி அவளாகவே ஆரம்பித்தாள்.

"அந்தப் பொம்பள எப்பப் பாத்தாலும் ஜன்னல்லயே நிக்கிறா. வேல வெட்டிக்குப் போவமாட்டாளா?"

"அது கதை சித்தி."

"கதன்னாலும் சோறு திங்கணும்ல? கடைசீல பாரு, மழ கொட்டுது. வூட்டுக்குள்ள வந்து கூப்புட்டா ஆவாதா? ரெண்டு பேருக்கும் சளி புடிக்கும்."

சிரித்ததில் எனக்குப் புரையேறியது. தண்ணீரை நகர்த்தி வைத்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அக்காவ ஏன்டி அவ்ளோ கெட்டவளா எழுதியிருக்காங்க? எங்கக்கா அப்புடியா?"

"இல்ல சித்தி. அம்மா தங்கம்."

"தங்கம்தான். ஒரு வருஷங்கூட பரீட்ச லீவுக்கு ஒன்னய இங்க அனுப்பாம இருந்ததில்ல. நீ வந்துட்டுப் போனதும் நாலு நாளைக்கு எனக்குச் சோறு எறங்காது. அது வேற."

அந்த 'அது வேற' என்ற இரண்டு சொல் முந்நூறு பக்கத்தைவிட என்னை அடித்தது. அம்மா உயிரோடு இருந்தவரை எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. அவள் போனபிறகு அம்மா என்று கூப்பிட ஆளில்லை. பெற்றவள் உயிரோடு இருந்தும் நான் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக அலைகிறேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டேன்.

"நான் ஒங்கள அம்மான்னு கூப்புடட்டுமா?"

சித்தி கீரைச் சட்டியை மூடினாள். "கூடாது."

"ஏன்?"

"தவிடு வாங்கியிருக்கன்ல. ஒரு மரக்கா. என் முறத்துல வாங்குனேன். புள்ளய திருப்பிக் கேக்கணும்னா அந்தத் தவிட்ட அளந்து திருப்பிக் குடுக்கணும். அதான் மொற. அத அன்னிக்கே மாடு தின்னுடுச்சி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். "அக்கா இருந்தப்ப நீ இதக் கேட்டிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன்," என்றாள். "இப்பக் குடுக்கறதுன்னாலும் யாருகிட்ட குடுக்கறது? வாங்கிக்க அக்கா இல்லியே."

எழுந்து போய்க் கை கழுவினேன். நாவலில் வருகிற மகள் இந்த இடத்தில் நாலு பக்கம் வசனம் பேசியிருப்பாள். நான் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். புத்தகத்தை எடுத்துப் பையில் வைக்கப் போனபோது, "இங்கயே இருக்கட்டும், ராணி இன்னொரு தடவ கேட்டிருக்குது," என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். "நீ முன்னாடி பஸ் ஸ்டாண்டுக்குப் போ. நான் கடத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்றாள். வேப்பூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடித்து உட்கார்ந்தேன். கோயில் கோபுரத்தின் மேல் புறாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. டிரைவர் வண்டியை உறுமவிட்டு, நகர்த்தி, மறுபடி நிறுத்தினார். சித்தி வரமாட்டாள் என்றே நினைத்தேன். என் கேள்வி அவளைப் புண்படுத்திவிட்டது, இனி போனில்கூடப் பழையபடி பேசமாட்டாள் என்று பட்டது.

பஸ் நிஜமாகவே கிளம்பியபோது ஓடிவந்தாள். ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது. வாய் இறுகக் கட்டிய மஞ்சப்பை ஒன்றை ஜன்னல் வழியாக என் மடியில் திணித்தாள். "இப்பக் கட்ட அவுக்காத. வேப்பூரு போயி அவுத்துப் பாரு," என்று கூடவே நாலு எட்டு ஓடிவந்து நின்றாள். முந்திரிப்பருப்பும் முறுக்குமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எப்போது வந்தாலும் பை நிறையக் கொடுத்தனுப்புவாள். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தில் அவள் புடவை தெரியவில்லை.

என் திருச்சி வீட்டில் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒரு பீங்கான் குருவி இருக்கிறது. ஏழாம் வகுப்பு லீவில் சித்தி கொடுத்தது. அம்மா அதைத் தினமும் துடைப்பாள், யாரையும் தொடவிடமாட்டாள். இரண்டு பேரும் என் முன்னால் ஒரு நாளும் ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுத்ததில்லை. அதை எழுத அந்த நாவலில் இடமில்லை. அவர்களுக்கு நடுவில் தழும்பே இல்லாமல் என்னை வளர்த்துவிட்டார்கள், கோடு மட்டும் எனக்குள்ளே ஓடுகிறது என்று பஸ்ஸில் தோன்றியது. வாசகர் வட்டத்துக்கு இப்படியே எழுதி முடித்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

வேப்பூர் கூட்டுரோட்டில் அதே டீக்கடை. திருச்சி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மஞ்சப்பையின் கட்டை அவிழ்த்தேன்.

தவிடு.

முந்திரியும் இல்லை, முறுக்கும் இல்லை. பை நிறைய அரிசித் தவிடு, அரவை மில் சூடு இன்னும் லேசாக இருந்தது. கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. அளந்து வாங்கியிருக்கிறாள். வாங்கிக்கொள்ள அக்கா இல்லை என்றவள், அக்காவுக்கு வாரிசு யார் என்று கடைத்தெருவுக்கு நடக்கும்போது யோசித்திருக்கிறாள். அக்காவிடம் கொடுக்கவேண்டியதை அக்கா மகளின் மடியில் போட்டுவிட்டாள். டீக்கடைக்காரர், "மாடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் தவிட்டுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

போன் போட்டேன்.

"வேப்பூரு போயிட்டியா?" என்றாள்.

"அம்மா," என்றேன்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அளவு சரியா இருக்குதா பாத்துக்க," என்றாள். "ஒரு மரக்கா. கொறையாது."

"சரியா இருக்குதும்மா," என்றேன்.