ஷெட்டில் இருந்த முயல்கள்

எங்கள் வீட்டு ஷெட்டில் இருந்தவை முயல்கள் அல்ல என்பதை அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் தெரிந்துகொண்டார். பெருங்கதை விரதத்தின் முதல் நாள் அது. தோய்ந்து, ஈரத் தலையைத் துவாயால் முடிந்து, இடது மணிக்கட்டில் இருபத்தொரு இழைக் காப்பு நூலைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். கையில் பழைய பாண் பை ஒன்று, கடைப் பாண் துண்டுகள் வந்த பிளாஸ்டிக் பை. அதற்குள் கரட் தோலும் கோவா இலையும். எட்டு மாதமாக அம்மா அந்த முயல்களுக்கு மரக்கறித் தோல் சேர்த்துக் கொடுத்துவந்தார். கொண்டுபோய் வைப்பது சித்தப்பாவின் வேலை. விரத நாளில் ஒரு வாயில்லாச் சீவனுக்குத் தன் கையால் வைத்தால் புண்ணியம் என்று அன்று நினைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

ஷெட்டுக்குள் சித்தப்பா வெள்ளை எலியொன்றை வாலில் பிடித்து வைத்திருந்தார். அது செத்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவருக்குப் பின்னால் நான்கு கம்பிக் கூடுகள். மரத்தூளின் மணமும் அதற்கு அடியில் வேறொரு மணமும். உயிரோடு இருந்தவை நாற்பத்தேழு. பிறகு எண்ணினேன்.

அம்மா கத்தவில்லை. பையை நிலத்தில் வைத்தார்.

"எங்க தம்பி முயல்?"

"முயல் இல்லை அண்ணி."

"எட்டு மாதமா நான் எலிக்கோ கரட் சீவினனான்?"

சித்தப்பா செத்த எலியை மேசையில் வைத்தார்.

"இதுகள் என்னத்துக்கு?"

சித்தப்பா வீட்டின் மேல்மாடியைப் பார்த்தார். "பாம்புக்கு."

அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

இதையெல்லாம் விளக்குவதற்கு எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசி. தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. கீழ்த்தளத்தில் நாங்கள், மேலே வீட்டுக்காரர். அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், தனி ஆள். அவருடைய ஜன்னலில் இரவு பகலாகச் சிவப்பு வெளிச்சம் ஒன்று எரியும். அதைச் சாமி விளக்கு என்று நம்பி அம்மா அவர்மேல் ஒரு மரியாதை வைத்திருந்தார். அது மூன்று மலைப்பாம்புகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு.

வீட்டு ஒப்பந்தத்தில் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். நான்காவதாக வந்து முன்னறையில் படுத்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஊரில் கல்லூரியொன்றின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவர். கொழும்பில் ஒரு லொட்ஜில் சித்தியும் இரண்டு வயது மகளும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு, வந்தால் தங்க இடமுண்டு என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று குடிவரவைத் தீர்மானிக்கும் ஹோம் ஒஃபீசுக்குத் தேவைப்பட்டது. கடிதம் தருவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சித்தப்பா தன்னால் ஏலுமானதைத் திருப்பிக் கொடுத்தார். ஞாயிறுதோறும் மேலே மூன்று எலிகள் போயின. உயிரோடு தந்தால் போதும் என்று வீட்டுக்காரர் பலமுறை சொல்லியும், சித்தப்பா கொன்றுதான் கொண்டுபோவார். அந்த ஒன்றில் மட்டும் அவர் இறங்கிவரவில்லை.

அப்பாவுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். எலிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது நான்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஷெட்டுக்குள் எனக்கு அனுமதி இல்லை. மூன்று எலிகள் பாம்பிடம் போகின்றன என்பது எனக்கு ஒரு செய்தி மாத்திரம். வாலில் தொங்கிய எலியைப் பார்த்த அன்றுதான் அந்தச் செய்திக்கு உடம்பு வந்தது.

அம்மா கடைசியில் தீர்ப்புச் சொன்னார். மற்ற நாட்களில் நண்டும் ஆட்டிறைச்சியும் சமைப்பவர்தான். ஆனால் இது பிள்ளையாருக்காகப் பிடிக்கும் விரதம், எலியோ அவருடைய வாகனம்.

"இந்த இருபத்தொரு நாளும் இந்த வளவுக்குள்ள ஒரு உயிர் போகக் கூடாது. ஆருக்கு நேர்ந்து பிடிக்கிறன் எண்டு தெரியுமோ? உங்கட மனிசிக்கும் பிள்ளைக்கும்."

"ஓம் அண்ணி. பாம்புகள்?"

"அதுகளும் விரதம் பிடிக்கட்டும்."

சித்தப்பா மேலே போய்ச் சொன்னார். மொழிபெயர்ப்பு உதவிக்கு நானும் போனேன். வீட்டுக்காரர் கோபப்படவில்லை. மலைப்பாம்பு ஒரு மாதம் பட்டினி கிடக்கும் என்றார். உங்கள் கடவுளுக்கு எலி மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். அவர் அதில்தான் ஏறிப் போவார் என்றேன். யானைத் தலையோடா என்றார். ஆம் என்றேன். அப்படியானால் விரதம் இருக்க வேண்டியது பாம்பு இல்லை, உங்கள் கடவுள்தான் என்றார்.

அன்று பின்னேரமே சித்தப்பா கூடுகளைப் பிரித்தார். ஒவ்வொரு எலியாகத் தூக்கி, வாலடியைப் பார்த்து, ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். ஒரு எலிக்கு ஒரு நொடிதான் பிடித்தது.

"ஏன் பிரிக்கிறீங்கள்?"

"குடும்பமாக் கிடந்தால் பெருகுமெல்லோ பிள்ளை. மூண்டு கிழமையில குட்டி போட்டிடும். பிரிச்சு வைச்சால் பிரச்சினை இல்லை."

அதன் பிறகு நான் செய்ததற்கு ஒரு தர்க்கம் இருந்தது. மாலைதோறும் விளக்கின் முன்னால் அம்மா கதை படித்து முடித்து, கண்ணை மூடி ஒரே வேண்டுதலைச் சொல்வார்: பிரிஞ்ச குடும்பம் ஒண்டு சேர வேணும். நானும் பக்கத்தில் கைகூப்பி இருப்பேன். அதே வளவில், அதே பிள்ளையாரின் வாகனங்களை நாங்களே குடும்பம் பிரித்து வைத்திருக்கிறோம். அவர் எப்படிச் சித்தியை அனுப்புவார்? விரதத்தின் இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். பெரிய ஆண் எலிகள் நான்கைப் பிடித்துப் பெண்களின் கூட்டுக்குள் விட்டேன். ஒன்று என் விரலைக் கடித்தது. அந்தக் காயத்தை நான் என் பங்கு விரதமாக எடுத்துக்கொண்டேன். பிறகு அடுத்தநாள் காலை, சித்தப்பா எழும்ப முதல், நான்கையும் அவற்றின் இடத்துக்கு மாற்றினேன். இப்படி ஒரு கிழமை, மாலையில் சேர்த்து, காலையில் பிரித்து.

பலனைப் பிள்ளையார் கணக்காகக் கொடுத்தார். விரதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, சித்தப்பா சொன்ன மூன்று கிழமைக்கு மூன்று நாள் முந்தி, முதல் எலி குட்டி போட்டது. சனிக்கிழமை மதியத்துக்குள் மேலும் ஐந்து. விரலின் ஒரு கணு அளவில், மயிரில்லாத, கண் திறக்காத சிவப்பு உயிர்கள் குவியல் குவியலாக நெளிந்தன. நான் திகைத்துப் போனேன். இரண்டு மூன்று குட்டிகளைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். ஷெட்டுக்குள் இப்போது நூற்றுக்கு மேல்.

மூன்று கிழமையாக எதுவும் வெளியே போகாததில் மணம் வேலி தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி உள்ளூர் கவுன்சிலுக்குப் போன் செய்திருந்தார். திங்கட்கிழமை ஒருவர் பார்க்க வருவார் என்று வீட்டுக்காரருக்குக் கடிதம் வந்தது. அவர் முதல் தடவையாக எங்கள் குசினிக்குள் இறங்கி வந்து நின்றார். ஆறு எலி என்றால் செல்லப்பிராணி, நூறு எலி என்றால் வழக்கு என்றார். திங்கட்கிழமை ஷெட்டில் ஆறுக்கு மேல் இருந்தால் அந்த ஆள் வீட்டுக்குள்ளும் வருவான், இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பான், பிறகு என்னிடம் கடிதம் கேட்காதே என்று சித்தப்பாவிடம் சொன்னார். இத்தனை குட்டி எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார்.

"ஆண் பெண் பாத்ததில எனக்குப் பிழைவிட்டிட்டுது," என்று சித்தப்பா சொன்னதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வீட்டுக்காரர் மேலே போன பிறகு சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்தார். தலைமயிரில் குத்துவது. அதில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"இது உங்கட தானே, பிள்ளை?"

வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். அம்மா முதல் நாள் மாலையே காப்பு நூலை அவிழ்த்துவிட்டார். அடுப்பில் மூன்று சட்டிகள் கொதித்தன. சித்தப்பா குசினி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, பாண் பை இருக்கோ?"

"எத்தினை?"

"இருக்கிறது எல்லாம்."

கழுவிக் காயவைத்து மடித்த பாண் பைகளால் நிறைந்த மேசை லாச்சி ஒன்று அம்மாவிடம் இருந்தது. லாச்சியோடு இழுத்து எடுத்துக் கொடுத்தார்.

"காப்பு அவிட்டாச்சு. நான் ஒண்டும் கேக்கேல்ல. நீங்களும் ஒண்டும் சொல்ல வேண்டாம்."

நான் பின்கதவால் போய், ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறி, ஷெட்டின் பக்கக் கண்ணாடியால் பார்த்தேன். புல் வெள்ளையாக உறைந்திருந்தது. சித்தப்பா கூடுகளை ஒரு மூலையில் நெருக்கமாக அடுக்கினார். பிறகு தன் கோட்டைக் கழற்றினார். தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த நீளமான சாம்பல் நிறக் கோட்டு. அவரிடம் இருந்த ஒரே கோட்டு. அதைக் கூடுகளின் மேல் விரித்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் சொருகினார், தொட்டில் பிள்ளைக்குப் போர்த்துவது போல. எலிகளுக்குக் குளிரும் என்று செய்கிறார் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொல்லப் போகிறவர் போர்த்திவிட மாட்டார்.

அவர் கோட்டுக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். கூடுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மேசையில் வைத்து, கழுத்தில் ஒரு பென்சிலை அழுத்தி, வாலை ஒரு இழுப்பு. பைக்குள் போட்டார். கோட்டுக்கு அடியில் கை. அடுத்தது. அவர் முகத்தில் கோபமோ கவலையோ இல்லை. ஊசியில் நூல் கோர்ப்பவரின் முகம். பெரியவை, பிறகு சிறியவை, பிறகு சிவப்புக் குட்டிகள். ஒவ்வொரு முறையும் கோட்டின் விளிம்பைத் திரும்பச் சொருகினார். நான் எண்ணினேன். முப்பத்தெட்டு வரை எண்ணினேன். வாளி சறுக்கியது.

சத்தத்துக்குச் சித்தப்பா வெளியே வந்தார். மெல்லிய சட்டையோடு. மூச்சு புகையாக வந்தது. நான் புல்லில் இருந்தபடி அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"நீங்கள் கொலைகாரன்."

அந்த நேரத்திலும் 'நீங்கள்' என்றுதான் வாயில் வந்தது.

"ஓம் பிள்ளை," என்றார். "குளிரும். உள்ள போங்கோ."

ஒரு மணி நேரம் கழித்துக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வந்தார். அம்மா முதலில் அவருக்குத்தான் பரிமாறினார். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். நான் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வீட்டுக்காரரின் ஃப்ரீஸரில் எங்கள் பாண் பைகள் நிறைந்திருந்தன. திங்கட்கிழமை வந்த ஆள் ஆறு எலிகளைப் பார்த்து, ஒரு தாளில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். அந்தக் கிழமையே கடிதம் கிடைத்தது. அடுத்த ஆவணியில் சித்தியும் மகளும் வந்தார்கள். அம்மா இன்றுவரை அது விரதத்தின் பலன் என்றே சொல்கிறார். அவர் சொல்வது பிழை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

நான் சித்தப்பாவோடு பல மாதம் சரியாகப் பேசவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், நான் பத்திரிகையொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, அவர் தன் குடியுரிமை விண்ணப்பத்துக்கான கடதாசிகளை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லிக் கேட்டார். கோப்பின் அடியில் அவர் வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் முதல் பிரதி இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பந்தி. பள்ளிக்கூட அறையொன்றில் சித்தப்பாவையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஒன்பதாவது ஆளோடு ஏனோ நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு வசனம்: ஜன்னல்களுக்குத் திரை இருக்கவில்லை, மிச்சமிருந்த நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வசனத்தைச் சட்டத்தரணி பென்சிலால் வெட்டியிருந்தார். வழக்குக்குத் தேவையில்லாத விவரம் என்று ஓரத்தில் குறிப்பு. பத்திரிகை வேலையில் நானும் அப்படித்தான் வெட்டியிருப்பேன்.

ஒன்பது வயதில், அந்தக் கோட்டு குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.