ஒரு ஆள் குறையுது

பட்டப்பகலில் பேய் ஏது என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சீனிவாசகம் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுகிறவர் அவர். கதை கட்டுகிற ஆள் இல்லை. அவருக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக ஒரே நாற்காலி. இடுப்பு பிடித்துக்கொண்டது, சர்க்கரையும் வந்தது. "நடக்கலைன்னா படுக்கைதான்" என்றார் டாக்டர். நடக்க ஆரம்பித்தார். முதலில் தெருமுனை வரை, பிறகு திருத்தங்கல் வரை. போகப் போக அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. முதுகுப்பை, ஊன்றி நடக்க ஒரு கம்பு, கனத்த ஷூ. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், விடியுமுன் கிளம்பி காடு மேடெல்லாம் நடந்துவிட்டு இருட்டும்போதுதான் வீடு திரும்புவார்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு. சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைத் தவிர்த்து, கரிசக்காட்டு வண்டிப்பாதையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கமாக நடந்தார். வெயில் உச்சிக்கு ஏறியபோது கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்தான்.

அப்போதுதான் அது தெரிந்தது. ஒரு பட்டாசு ஆலை. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் உள்ளே வேலை நடந்தது. சரக்... சரக்... காகிதம் உருட்டும் சத்தம். பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை. அத்தனை பேர் கூடி வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு இல்லாமல் இருக்குமா?

வேப்பமரம் ஒன்று நின்றது. ஒரு பக்கம் பச்சை. மறுபக்கம் கரி.

"தண்ணி கிடைக்குமாம்மா?"

ஓர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முழங்கை வரை வெள்ளிப் பூச்சாக வெடிமருந்து. முகத்தில் வேர்வை ஈரமே இல்லை.

"உள்ள இருக்கு. ஷூவைக் கழத்திட்டு வாங்க. உரசும்."

பட்டாசு ஆலையில் அது நியாயமான பேச்சுதான். கழற்றினார். கம்பைச் சுவரில் சாய்த்தார். வெறுங்காலை மண்ணில் வைத்தார்...

சுடவில்லை. அந்த வெயிலில், மண் ஜில்லென்று இருந்தது.

வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அறைக்குக் கூரை இல்லை. மேலே வானம் வெள்ளையாகக் கொதித்தது. ஆனால் உள்ளே இருட்டு.

அந்த இருட்டில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குனிந்த தலைகள். நடுவில் ஓர் இடம் காலி.

"உக்காருங்க" என்றாள்.

"இல்லம்மா... தண்ணி மட்டும்..."

"வருசக்கணக்கா உக்காந்தே கெடந்த ஆளுதான நீக? இங்கனயும் உக்காருங்க."

 அதை இவளிடம் யார் சொன்னது?

சரக் சத்தம் நின்றது.

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில்... அதை மட்டும் அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"ஒரு ஆள் குறையுது."

வெள்ளிக் கை நீண்டு அவர் சட்டையைப் பிடித்தது.

"நீக இல்லைன்னா அவனை வரச் சொல்லுங்க. எடம் காலியாத்தான் கெடக்குன்னு சொல்லுங்க."

உதறினார். சட்டை கிழிந்தது. ஓடினார்.

பின்னால் காலடிகள். ஒன்றல்ல.

தட்... தட்... தட்...

திரும்பவில்லை.

முள் ஏறியது. ஓடினார்.

ரோடு வந்தது. தார் உள்ளங்காலைப் பொசுக்கியது. அந்தச் சூடு பட்ட பிறகுதான் அவருக்கு உயிரே வந்தது.

ரோட்டோரம் ஒரு டீக்கடை. கல்லாவில் மாரிக்கண்ணன் என்பவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பானுப்பிரியா ஓடிவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"என்ன சார், காலெல்லாம் ரத்தம்? எங்கன போயிட்டு வாரீக?" என்று கேட்டார் மாரிக்கண்ணன்.

மூச்சிரைக்க, நடந்ததைக் கொட்டிவிட்டார் சீனிவாசகம். அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதையும் சேர்த்து.

மாரிக்கண்ணன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"கையில வெள்ளி மருந்தா?"

"ஆமா."

"அது குருவம்மாக்கா... அந்த ரூமு வெடிச்சு மூணு வருசமாச்சு சார். உள்ள இருந்த அம்புட்டுப் பேரும் போயிட்டாக. நான் ஒருத்தன்தான் மிச்சம்."

சொல்லிவிட்டு மாரிக்கண்ணன் வண்டிப்பாதை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பானுப்பிரியா சொம்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"எந்திரிங்க. இனி இந்தப் பக்கமே வராதீக!"

அடுத்த ஞாயிறு சீனிவாசகம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போனார். டீக்கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். மாரிக்கண்ணன் இறந்துவிட்டார். சீனிவாசகம் வந்துபோனதற்கு மறுநாள் மத்தியானம். வெடித்துக் கிடக்கிற அந்த ஆலையில், கூரையில்லாத அறைக்கு நடுவே உட்கார்ந்த மேனிக்கு இருந்தாராம். உடம்பில் ஒரு காயம் இல்லை. வெயில் தாக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அந்த வெயில்ல அம்புட்டு தூரம் எதுக்கு நடந்து போனாரு?" என்று கேட்டார் சீனிவாசகம்.

பஞ்சர் கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நடந்தா? என்ன சார் பேசுறீக... அந்த வெடியிலயே அவனுக்கு ரெண்டு காலும் போயிருச்சே! அவன் மூணு சக்கர வண்டி அன்னைக்கு பூரா இந்தா, இங்கனதான் நின்னுச்சு."