மூத்த மாப்பிள்ளைக்கு முதல் மூட்டை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டால் பாதி ஊர் நின்றுபோகும். பஸ், லாரி, நெல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் வரிசை கட்டும். அந்த வரிசையில் நிற்கிறவர்கள் சலித்துப்போய் அண்ணாந்து பார்த்தால் ஒரு மாடியில் பலகை தெரியும்: ‘மதிவாணன், வருமான வரி, ஜி.எஸ்.டி.’ ஊரில் அவருக்கு ஆடிட்டர் என்றுதான் பெயர். ஆடிட்டர் பரீட்சையில் தேறாமல் பாதியில் விட்டவர் என்பது சிலருக்குத் தெரியும், தெரிந்தவர்களும் சொல்லமாட்டார்கள். கணக்கில் சுத்தம், பேச்சில் பதவிசு. மில்காரர்களும் உரக்கடைக்காரர்களும் மட்டுமல்ல, முத்துப்பேட்டை மீன் வியாபாரிகள்கூட அவரைத் தேடி வருவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். அதற்குப் பெயர் சகலை.

மனைவி பூர்ணிமாவின் தங்கை வானதியைக் கட்டியவன் தமிழரசன். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை. சம்பள வேலையும் இல்லையாம், சொந்தமாக ஒப்பந்தம் போட்டுச் செய்கிறானாம். “எனக்கு முதலாளி கிடையாது, நானே முதலாளி” என்று கல்யாண வீடுகளில் அவன் சொல்லும்போதெல்லாம் மதிவாணன் இலையில் இருக்கிற அப்பளத்தை நொறுக்குவார். இவரும்தானே சொந்தத் தொழில் செய்கிறார்? இவரை யாராவது முதலாளி என்றார்களா?

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அரிசி விஷயம். மாமனார் தியாகராசன் வீட்டில் ஒரு வழக்கம். சம்பா அறுத்து, அரைத்து வரும் புது அரிசியில் முதல் மூட்டை மூத்த மாப்பிள்ளை வீட்டுக்கு. கல்யாணமான வருஷத்திலிருந்து மாமனாரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். போன தை மாதம் தமிழரசன் ஊருக்கு வந்திருந்தான். முதல் மூட்டை அவன் அப்பா வீட்டுக்கு, சீர்காழிக்குப் போய்விட்டது. மதிவாணனுக்கு இரண்டாவது மூட்டை, அதுவும் ஆள் மூலமாக. அதே வயல், அதே மில், அதே அரிசிதான். ஆனாலும் அந்த மூட்டை தீரும்வரை அவருக்குச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் தமிழரசன் வீடியோவில் வந்தான்.

“அண்ணே, இங்க கவர்மெண்ட் ஆபீஸ்லேர்ந்து விளக்கம் கேட்டிருக்காங்க. நான் உண்மையிலயே சொந்தமா தொழில் பண்றேனான்னு. பதில் எழுதிட்டேன். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா எனக்குத் தைரியம்.”

அவன் போனில் அனுப்பியதை மதிவாணன் படித்தார். இந்த ஒரு கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்ததில்லை. கம்ப்யூட்டர்கூட அவர்கள் தந்ததுதான். அவர்கள் ஆபீஸ் நேரம்தான் எனக்கும். கேட்காமல் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை. என்னைத் தங்கள் ஆளாகவே நடத்துகிறார்கள். இவ்வளவும் பெருமையாக எழுதியிருந்தான். நம் பக்கத்துப் பிள்ளையல்லவா? விசுவாசத்தைச் சொன்னால் எந்த ஊர் அதிகாரியும் மெச்சுவான் என்று நினைத்துவிட்டான்.

ஒவ்வொரு வரியும் அவன் தலையில் அவனே போட்டுக்கொள்ளும் கல் என்று மதிவாணனுக்கு உடனே புரிந்தது. தனியார் ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கொடுப்பது சம்பளமா, கட்டணமா என்று அவரே எத்தனை தடவை மல்லுக்கட்டியிருக்கிறார். ஒருவர் பண்ணையாளா, குத்தகைக்காரரா என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்போம்? ஏர் யாருடையது, நடவு என்றைக்கு என்று சொல்வது யார், வெள்ளம் வந்தால் நட்டம் யார் தலையில் என்று கேட்போம். ஜெர்மன்காரன் கேட்பதும் அதைத்தான். இந்தப் பதிலைப் பார்த்தால் ‘நீ முதலாளி இல்லை, மறைமுகமான பண்ணையாள்’ என்பான். தமிழரசனுக்கு அந்த நாட்டில் இருக்க அனுமதி கொடுத்திருப்பதே சொந்தத் தொழில் செய்வதற்குத்தான். அதில் கைவைத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி” என்றார் மதிவாணன். “அப்படியே அனுப்பிடலாம்.”

படுபாவி, கூசாமல் சொன்னார். ‘நானே முதலாளி’ இனி என்ன ஆகிறான் பார்ப்போம் என்று மனசு குதித்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டுக் கடைத்தெருவில் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பூர்ணிமா அல்வாவைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, வானதி போன் பண்ணுனா. என்னமோ விளக்கம் கேட்டிருக்காங்களாமே? ஒருவேளை திரும்பி வர்ற மாதிரி ஆனா இங்க நீடாமங்கலத்துலயே வீடு பாக்கப்போறாங்களாம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வந்தா வரட்டும், வயலை எல்லாம் சின்ன மாப்பிள்ளையே பாத்துக்கட்டும், எனக்கும் முடியலைங்கிறாரு.”

அல்வா நெஞ்சில் நின்றது. மதிவாணன் தண்ணீர் குடித்தார். தூரத்தில் இருக்கிறவரைக்கும் அவனுக்கு வருஷத்துக்கு ஒரு மூட்டைதான் போகும். பக்கத்தில் வந்தால் வயலே போகும். தினம் தினம் மாமனார் வீட்டு வாசலில் அவன் செருப்பு கிடக்கும். இவர் போனால் “வாங்க” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

தட்டை வைத்துவிட்டுத் தமிழரசனை வீடியோவில் கூப்பிட்டார்.

“தம்பி, அனுப்பிட்டீங்களா?”

“இல்லண்ணே, நாளைக்கு…”

“அனுப்பாதீங்க. அனுப்புனா அடுத்த பிளைட்டுல நீங்க இங்க நிப்பீங்க.” விஷயத்தை விளக்கிச் சொன்னார்.

தமிழரசன் முகம் வெளுத்துப்போனது. “அப்ப மாத்தி எழுதிடட்டுமாண்ணே?”

“எழுத்தை மாத்துனா அது பொய். பொழப்பை மாத்துங்க. பதில் சொல்லக் கொஞ்சம் டைம் கேளுங்க. அந்த ஊர் வரி ஆலோசகர் ஒருத்தரைப் பாத்து உள்ளதைச் சொல்லுங்க. சொந்தமா கம்ப்யூட்டர் வாங்குங்க. இன்னும் ரெண்டு மூணு இடத்துல வேலை புடிங்க. லீவு கேக்காதீங்க, இந்த வாரம் இருக்க மாட்டேன்னு தகவல் சொல்லுங்க.”

“அவங்க தப்பா நினைக்க மாட்டாங்களா? சோறு போடுறவங்களாச்சே?”

“சோறு போடல தம்பி. செஞ்ச வேலைக்குக் காசு தர்றாங்க.”

தமிழரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி” என்றான். மதிவாணன் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

அவர் சொன்னபடியே செய்தான், பிழைத்தான். பிழைத்ததோடு விட்டானா? புதிதாகப் பிடித்த கம்பெனிகள் பழையதைவிட நன்றாகக் கொடுத்தன. வானதி புதுக் காரின் போட்டோவை அனுப்பினாள். பூர்ணிமா அதை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். தான் திறந்துவிட்ட மடைத் தண்ணீர் அடுத்தவன் வயலில் பாய்வதை மதிவாணன் தினமும் போனில் பார்த்துப் புழுங்கினார்.

தை பிறந்தது. ஒருநாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம். மாமனாரே வந்து இறங்கினார். பின்னால் புது அரிசி மூட்டை.

“முதல் மூட்டைங்க மாப்பிள்ளை. அரைச்ச கையோட எடுத்தாரேன்.”

மதிவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளைக் கூப்பிடாமல் தானே மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தார். இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்துபோயிற்று. “பூர்ணிமா, அப்பாவுக்குக் காப்பி கொண்டா” என்ற குரலில் மாப்பிள்ளை முறுக்கு திரும்பியிருந்தது.

தியாகராசன் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “சின்ன மாப்பிள்ளை போன் போட்டாருங்க. மாமா, இந்த வருஷம் முதல் மூட்டை அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும், ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்கன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. அந்தப் பெருந்தன்மையைச் சொல்லாம இருக்க முடியுங்களா?”

“நல்ல பிள்ளை” என்றார் மதிவாணன். வேறு என்ன சொல்வார்?

அன்றைக்கே அந்த அரிசியில் பூர்ணிமா பொங்கல் வைத்தாள். குழைந்து, நெய் மினுங்கி, வாசனை தெருவரைக்கும் போயிற்று. மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து மதிவாணன் ஒரு வாய் வைத்தார்.

“எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள் பூர்ணிமா.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். இந்தத் தடவை அது பொய்யில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.