பந்தைப் பிடித்த பிறகு

அனுஷியா கைப்பேசியில் அழைத்தபோது, துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் களஞ்சியத்தில் ஒரு கொள்கலனை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் பிலோமினா அக்காவின் மகள். அவளுக்குப் பிரெஞ்சுதான் வசதி. அன்றைக்குத் தமிழில் கதைத்தாள். "அங்கிள், அம்மா காலமை எழும்பேல்லை" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வெளியே மார்ச் மாதப் பனியை வாகனங்கள் வழித்துக்கொண்டிருந்தன. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பதற்றம். ஐந்து நாட்களுக்கு முன் அக்கா என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். நான் மரியாதையாகப் பதில் சொல்லவில்லை. சரியான பதிலை நாளைக்குச் சொல்லலாம், இன்னும் கொஞ்சம் இழுத்தடிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வெளியிடும் மலரில் இரண்டு பக்கம் எழுதும்படி அனுஷியா கேட்டபோது மறுக்கவே நினைத்தேன். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு, நானும் அக்காவும் ஒன்றரை வருடமாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்பது தெரியும். காரணம் தெரியாதவர்கள் கேட்டால் சிரிப்பீர்கள். காணித் தகராறும் இல்லை, கலியாணப் பேச்சும் இல்லை. எங்கள் பேஸ்போல் அணிக்கு விலை கூடிய ஒரு வெளிக்கள வீரனை எடுப்பதா விடுவதா என்பதில்தான் நாங்கள் முறிந்தோம்.

மன்னாரிலிருந்து இங்கே வந்த புதிதில் அக்காவுக்குக் கிடைத்த வேலை, நகரத்தின் பெரிய பேஸ்போல் அரங்கில் ஆட்டம் முடிந்த பிறகு இருக்கைகளைத் துடைப்பது. ஆட்டம் நீண்டால் துடைப்பவர்கள் படிக்கட்டில் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அலுத்துக்கொண்டு நின்றார்கள், அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். பிரெஞ்சு படித்ததும் வானொலியில் வந்த ஆட்ட வர்ணனையைக் கேட்டுத்தான். அதனால் அரசாங்க அலுவலகத்தில் படிவம் கொடுக்கும்போதும், யாரோ தளத்தை நோக்கி ஓடிவருவதைப் போல இடையிடையே குரலை உயர்த்துவார். சில வருடங்களில் அந்தப் பெரிய அணியே ஊரை விட்டுப் போய்விட்டது. "விலை கூட, விலை கூட எண்டு நல்ல ஆக்களை ஒவ்வொருத்தரா விட்டினம். கடைசியிலை கதிரை துடைக்கவும் எங்களுக்கு வேலையில்லை" என்பார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததை நான் கண்டதில்லை.

நான் அவரைச் சந்தித்தபோது எங்கள் களஞ்சியத்தில் லொறிக்காரர்களுக்கும் சரக்கு இறக்குபவர்களுக்கும் பத்திரம் கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் இருந்தார். அந்த யன்னலில் வைத்தே ஆள் சேர்த்தார். துறைமுகப் பகுதிக் களஞ்சியங்களுக்கு இடையே கோடையில் நடக்கும் போட்டிகளில் ஆட, பத்துத் தமிழர்களைக் கொண்டு ஓர் அணி கட்டினார். அஹுன்ட்சிக்கில் ஆற்றங்கரைப் பூங்கா எங்கள் மைதானம். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். பந்தை ஒருநாளும் கையால் தொட்டு விளையாடியதில்லை. ஆனால் எங்களுக்கு மனேஜர் அவர்தான், அதில் யாருக்கும் வாய் திறக்க இடமிருக்கவில்லை.

எங்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் கிரிக்கெட் ஆடியவர்கள். அதுதான் எங்களுடைய பலமும் பீடையும். முதல் ஆட்டத்தில் லொறி ஓட்டும் குலம் அண்ணை பந்தை அடித்துவிட்டு மட்டையையும் தூக்கிக்கொண்டே முதலாம் தளம்வரை ஓடினார். எதிரணியினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "இனி அடிச்ச உடனை இது நெருப்பெண்டு நினையுங்கோ" என்றார். அடுத்த ஆட்டத்தில் குலம் அண்ணை மட்டையை எறிந்த எறியில் நடுவர் துள்ளி விலக வேண்டியிருந்தது. அக்கா எங்களுக்கு அடிக்கடி சொன்னது வேறொன்று: "பந்து கையிலை வந்தா வேலை முடிஞ்சுதெண்டு நினையாதேங்கோ. அதுக்குப் பிறகுதான் வேலை."

அதைக் காதில் வாங்காதவன் நான். நான்காவது வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தோம். எதிரணி அடிக்கும் கடைசி முறை, புள்ளிகள் சமம், மூவர் ஆட்டமிழந்தால் முறை முடியும், ஒருவன் ஏற்கெனவே ஆட்டமிழந்திருந்தான். இன்னொருவன் மூன்றாம் தளத்தில் நின்றான். அடித்த பந்து எனக்குப் பின்னால் வெகுதூரம் உயர்ந்து போனது. நான் நடு வெளிக்களத்தில் நின்றவன். திரும்பி ஓடி, தோளுக்கு மேலால் எட்டிப் பிடித்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பந்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பிடித்ததில்லை. பிடித்த கையோடு, ஊரில் செய்வதுபோலப் பந்தை வானத்துக்கு எறிந்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தேன். எங்கள் ஆட்களும் என்னைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தார்கள்.

கிரிக்கெட்டில் பிடி எடுத்தால் அந்தப் பந்தின் கதை அதோடு முடிந்தது. பேஸ்போலில் முடியாது. பந்து கையில் விழுந்த கணத்திலிருந்து, மூன்றாம் தளத்தில் நிற்பவன் கடைசித் தளமான வீட்டுத் தளத்துக்கு ஓடிப் புள்ளி எடுக்கலாம். அவன் ஓடினான், ஓடக்கூடத் தேவையிருக்கவில்லை, கடைசிப் பாதியை நடந்தே வந்தான். "எறியும் யோகன், எறியும்" என்று எங்கள் ஆட்கள் உட்காரும் வாங்கிலிருந்து ஒரே ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அது அக்காவின் குரல். அப்போது பந்து எனக்குப் பின்னால் புல்லில் கிடந்தது. கிண்ணத்தை அந்த இடத்தில் இழந்தோம்.

அக்டோபரில் கார்ட்டியர்வில்லில் அக்கா வீட்டு நிலவறையில் கூட்டம். அடுத்த வருடத்துக்கு எத்தியென் என்பவனை நடு வெளிக்களத்துக்கு எடுக்கலாம் என்று அக்கா சொன்னார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயக் கல்லூரி வளாகத்தில் வேலை செய்பவன். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவன். வெளியாள் ஒருவரை எடுக்க விதியில் இடமிருந்தது. அவன் கேட்ட தொகையோ, நாங்கள் புதுச் சட்டைக்கும் வருடக் கடைசியில் குடும்பங்களோடு வைக்கிற விருந்துக்கும் ஒதுக்கியதை அப்படியே விழுங்கக்கூடியது. குலம் அண்ணை மீன் அடைத்த மாலு பாணைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்த்தார். "நாங்கள் விளையாடத்தானே ரீம் துவங்கினது. காசு குடுத்து ஒருத்தனை விளையாட விட்டிட்டுப் பாக்கிறதெண்டால் வீட்டிலை ரீவி இருக்கு" என்றார். மற்றப் பக்கத்தார், நாலு வருடமாகத் தோற்கத்தான் பனி விலகுமுன்னே பயிற்சிக்கு வருகிறோமா என்று கேட்டார்கள். கை உயர்த்தினோம். ஐந்துக்கு ஐந்து. எதிர்த்த ஐந்தில் என் கையும் ஒன்று. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

நான் பொறுக்கமாட்டாமல், ஒரு பந்துக்காகவா என்னைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டேன். அக்கா என்னை நேரே பார்த்தார். "அந்த ஒரு பந்துக்காக இல்லை, யோகன். உம்மடை கால் இன்னும் ஓடுது. கை எறியேல்லை. உமக்கு நாப்பத்தெட்டு வயது. நான் சொல்லாட்டி இதை ஒருத்தரும் உமக்குச் சொல்லமாட்டினம்." சொல்லிவிட்டுத் தன் கையை உயர்த்தினார். நான் கையுறையை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மெற்றோவில் ஏறி இரண்டு தரிப்பிடம் தாண்டித்தான், எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் இருக்கிறேன் என்பது தெரிந்தது.

அடுத்த நாள் பத்திரம் வாங்க யன்னலுக்குப் போனபோது, "போன்ஜூர்" என்றேன். அக்கா தலையை நிமிர்த்தினார். பிறகு, என்னைவிடத் திருத்தமான உச்சரிப்பில், "போன்ஜூர், மெசியூ" என்றார். அன்றிலிருந்து காலையில் போன்ஜூர், பத்திரம் கைக்கு வந்ததும் மெர்சி, அவ்வளவுதான். தமிழ் தெரிந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பிரெஞ்சில் மரியாதை செய்வதைப் போலக் கொடுமையான சண்டை இந்த ஊரில் வேறு இல்லை. யன்னலுக்கு வரிசையில் நிற்கும் லொறிக்காரர்கள், இவர்கள் எவ்வளவு பண்பானவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கோடையில் நான் மைதானத்துக்குப் போகவில்லை என்றே எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஆற்றங்கரைச் சைக்கிள் பாதையில், வேலிக்கு வெளியே, மரத்தோடு மரமாக நின்றேன். எத்தியென் தவற விட வேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டும் நின்றேன். ஒருநாள் என்னுடைய அதே பந்து அவனுக்கு வந்தது. மூன்றாம் தளத்தில் ஆள், உயரமான அடி, பின்னோக்கி ஓட்டம். அவன் பிடித்ததும் என் கைகள் தாமாகவே மேலே போய்விட்டன. என் கை இறங்குவதற்குள் பந்து வீட்டுத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஓடிவந்தவன் ஆட்டமிழந்திருந்தான். அந்த எறி அவ்வளவு அழகாக இருந்தது. அதனாலேயே என் கோபம் இரண்டு மடங்கானது.

அந்த வருடம் கிண்ணம் எங்களுக்கு. விருந்து வைக்கவில்லை, கிண்ணத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். என் வீட்டுக்கும் வந்தது, நான் குளியலறையில் இருந்துகொண்டேன். இந்தப் பெப்ரவரியில் எத்தியெனை, அவன் வீட்டுக்குப் பக்கத்து அணி ஒன்று கூடக் கொடுத்து எடுத்துக்கொண்டது. கேள்விப்பட்ட நாள் முழுக்க எனக்குச் சந்தோசம். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அடுத்தடுத்த நாட்களில் யன்னலுக்குப் போகும்போதெல்லாம், அக்கா வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மார்ச் தொடக்கத்தில் திறந்தார், தமிழில்.

"எத்தியென் போறான். உமக்குச் சந்தோசமே?"

நான் பத்திரத்துக்குக் கை நீட்டினேன்.

"நடுவிலை ஆர் நிக்கிறதெண்டதைப் பேந்து பாப்பம். நீர் மே மாதம் மூண்டாம் தளத்தடியிலை நிப்பீரோ?"

மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில், ஆடுகளத்துக்கு வெளியே, சுண்ணாம்புக் கோட்டால் ஒரு பெட்டி கீறியிருப்பார்கள். அதில் எங்கள் ஆள் ஒருவர் நின்று, தளத்தில் நிற்கும் எங்கள் ஓட்டக்காரனுக்கு எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று சொல்ல வேண்டும். கையுறையும் இல்லை, மட்டையும் இல்லை. பந்து எதிரியின் கையில் விழும்வரை ஆளைப் பிடித்து வைத்திருந்து, விழுந்த கணத்தில் விட வேண்டும். ஏன் நான் என்று கேட்டேன். ஒன்றரை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் தமிழ் அது.

"அந்தப் பிழையை விட்டவனுக்குத்தான் அந்த இடம் தெரியும். மற்றவைக்குச் சொல்லிச் சொல்லி நான் களைச்சுப் போனன். நீர் ஒருக்காலும் மறக்கமாட்டீர்."

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். ஆடின இடத்திலிருந்து தூக்கிவிட்டு, இப்போது கோட்டுக்கு வெளியே காவல் நிற்கச் சொல்கிறாரே என்று கொதித்தது. "நொன், மெர்சி" என்று மறுத்தேன். அக்கா பத்திரத்தில் முத்திரையைக் குத்தி என் பக்கம் தள்ளினார். அவர் கேட்டதற்கு நான் கடைசியாகச் சொன்னது அந்த மெர்சி.

அடக்கப் பூசையன்று தேவாலயத்தில் எத்தியென் கடைசி வரிசையில் நின்று அழுதான். ஒரு கோடை மட்டும் ஆடிவிட்டுப் போனவன் அழுகிறான், நான் கல்லுப்போல நிற்கிறேனே என்று அவன்மேல்கூட எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டே, அக்காவோடு வழக்காடுவதைப் போல மனைவியோடு வழக்காடினேன். கிண்ணம் ஒரு வருடத்துக்குத்தானே, அவன் போய்விட்டானே, கேட்டதைக் கொடுத்து எடுத்து என்ன கண்டோம், என்னை அவமானப்படுத்தியதுதானே மிச்சம் என்றேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே, "நீங்கள் வேலிக்கரையிலை நிண்டது அவவுக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறியள்? உங்கடை சிவப்புச் சட்டை அக்கரைக்கும் தெரியும். ஒரு ஆட்டமும் விடேல்லை, பாவம் எண்டு எனக்குப் போன கோடையே சொன்னவ" என்றாள். நான் நடந்ததை நிறுத்தினேன். என்னை ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. வராதவனை அல்ல, வந்துகொண்டே இருந்தவனைத்தான் அக்கா கேட்டிருக்கிறார்.

போன ஞாயிறு முதல் பயிற்சி. நிலம் இன்னும் சதசதவென்று இருந்தது. வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குலம் அண்ணை மூன்றாம் தளத்தில் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு பந்து உயர்ந்து போனது. குலம் அண்ணையின் உடம்பு பழைய பழக்கத்தில் முன்னுக்குச் சரிந்தது. "பொறுங்கோ" என்றேன். கையுறையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. "இப்ப ஓடுங்கோ" என்றேன். அவர் மூச்சிரைக்க வீட்டுத் தளத்தைத் தொட்டுவிட்டார். நான் பழக்கதோஷத்தில் வாங்கைத் திரும்பிப் பார்த்தேன். அதில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.

நடுவில் யாரை விடுவது என்ற கேள்வி மறுபடி வந்திருக்கிறது. இன்னொருவனின் பெயர் அடிபடுகிறது, அவனும் மலிவில்லை. இந்த முறை கைகள் ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்தால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. என் கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. அக்கா செய்தது சரி என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சுண்ணாம்புக் கோட்டுப் பெட்டியும், அவர் யன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்ட கேள்வியும்தான். அதற்குப் பிரெஞ்சில் சொன்ன பதிலை இங்கே, உங்கள் எல்லோருக்கும் முன்னால், திருப்பி எடுக்கிறேன். ஓம் அக்கா, நிக்கிறன்.