மச்சானின் முதுகு

எங்கள் வீட்டு டிஷ் அன்டெனாவில் மாமி நெத்தலி காயப்போடுகிறார். மாதக் கட்டணத்தை நிறுத்திய மறுநாளே அதைக் கூரையிலிருந்து இறக்கி, தேய்த்துக் கழுவி, கிணற்றடி மதில்மேல் மல்லாத்தி வைத்துவிட்டார். பூனைக்கு எட்டாது, வெயிலும் குறையாது. உலகத்துச் சனல்களை எல்லாம் பிடித்துத் தந்த காலத்தைவிட இப்போதுதான் அந்தத் தட்டு உருப்படியான வேலை செய்கிறது என்பது அவருடைய கருத்து.

டிஷ் வேண்டாம் என்று சொன்னது நான்தான். இந்தக் காலத்தில் எவன் காசு கட்டி மெட்ச் பார்க்கிறான், எல்லாம் இணையத்தில் சும்மா வருகிறது என்று சாப்பாட்டு மேசையில் இருந்து பெரிதாக அளந்துவிட்டேன். எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான். போனில் ஒரு லிங்க் பிடித்து, அது நின்றால் இன்னொன்று பிடித்து, ஓவருக்கு இரண்டு பந்து பார்த்தாலும் திருப்தியாகத் தூங்கிவிடுவேன். அந்தச் சாப்பாட்டு மேசைப் பேச்சை மாமி ஞாபகம் வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும். நான் வந்து, பிள்ளைகள் பிறந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டார்கள். மாமி இன்னும் என்னோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை, மரியாதைதான். கதவோரமாக நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என் மனைவியிடம் சொல்வார்.

"மகள், அவர்ட்டக் கேளு, ஆணத்துக்கு உப்புக் காணுமா எண்டு."

நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து அந்தக் குழம்பைத்தான் சோற்றில் விட்டுத் தின்றுகொண்டிருப்பேன். மனைவி என்னைப் பார்ப்பாள். காணும் என்பேன். அவள் உம்மாவின் பக்கம் திரும்பி, "காணுமாம்" என்பாள். அதற்குப் பிறகுதான் மாமி தலையாட்டுவார். என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த வீட்டில் தேங்காய் விழுந்தால் எந்த மரத்துக்காய் என்று சொல்லும் காது அது.

மாமிக்கு ஒரே ஒரு மகன். என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். கட்டாரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. போன வருஷம் அங்கே ஏணியிலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டான். கட்டெல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னான். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில், "சுகம் உம்மா, ஒண்டுமில்ல."

மாமி நம்பவில்லை. "மகள், இவன் முகத்தக் காட்டுறான், காலக் காட்டுறான் இல்ல" என்றார். வற்புறுத்தியதில் ஒருநாள் வீடியோவில் ஒரு கால் வந்தது. மாமி கண்ணாடியைப் போட்டு, போனைக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ட புள்ளட கால் இல்ல. அவன்ட பெருவிரல் இப்படி இரிக்காது" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப்பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கால் அறையில் கூட இருக்கும் பையனுடையது. தன் காலில் இருக்கும் தழும்பைப் பார்த்தால் உம்மா பயந்துவிடுவார் என்று இரவல் கால் காட்டியிருக்கிறான். அன்றோடு மாமியின் நித்திரை போயிற்று. பிள்ளை நொண்டுகிறானா, இல்லையா? அவன் நடப்பதை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும். வேறு ஒன்றும் அவருக்கு வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து அங்கே சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி ஒன்று வந்தது. மச்சானின் கம்பனி அவனைச் சில கிழமைகளுக்கு மைதானக் காவலுக்கு அனுப்பியது. ஒருநாள் அவனுடைய குரல்செய்தி வந்தது. "ஞாயிற்றுக்கிழம பின்னேரம் மெட்ச். வலப்பக்கக் கோணர்க் கொடிக்குப் பின்னால, அங்கால கரையில நிப்பன். டீவியில தெரிவன், பாருங்க."

மாமி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "நிப்பனாம். மரமுந்தான் நிக்கிது. நடக்கணுமே."

எதிர்வீட்டுக் காக்கா எனக்கு அண்ணன் முறை, அவரிடம் ஒழுங்காகக் காசு கட்டும் டிஷ் இருக்கிறது. ஆனால் மெட்ச் என்றால் அவருடைய விறாந்தை முழுக்க ஆம்பிளைகள். மாமி அங்கே போய் இருக்க ஏலாது. ஆகவே கதவோரமிருந்து உத்தரவு வந்தது.

"மகள், அவர்ட்டச் செல்லு. அவர்தானே டிஷ் வேணாம் எண்டவர். அவரே காட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அலுமாரியின் மேல்தட்டு. போனை அங்கே ஏற்றி, டீவிக்கு வயர் இழுத்து, நான் கதிரையில் ஏறி நின்று இயக்கவேண்டும். என்னிடம் மிச்சம் இருந்ததெல்லாம் இரவில் மட்டும் வேலை செய்யும் டேட்டா. பகல் டேட்டா புதிதாகப் போட்டேன். சொந்தக்காரர் எவரும் இந்தப் போனுக்கு அழைப்பு எடுக்கக்கூடாது என்று மனைவி சொல்லி வைத்தாள். சொல்லி வைத்ததால்தான் எடுத்தார்கள். "தெரியிறானா?" என்று கேட்க ஒவ்வொருத்தராக எடுக்க, ஒவ்வொரு அழைப்புக்கும் படம் செத்துச் செத்துப் பிழைத்தது.

மாமி அஸர் தொழுதுவிட்டு வந்து கதவோரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார். வர்ணனை அரபியில் போய்க்கொண்டிருந்தது. மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "மகள், ஓதுறாங்களா?" என்றார்.

"இல்லும்மா. பந்துக்கு ஏசுறாங்க."

வலப்பக்க மூலையில் செம்மஞ்சள் ஜாக்கெட்டோடு ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "அந்தா தம்பி!" என்று மனைவி கத்தினாள். மாமி ஒரு பார்வைதான் பார்த்தார். "அது ஆரோ. என்ட புள்ளைக்கு இவ்வளவு குண்டி இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. விளையாட்டுக்காரரின் முதுகில் இருந்த எழுத்துகள் எல்லாம் முன்பின்னாகத் திரும்பி இருந்தன. திருட்டு லிங்க்காரர்கள் பிடிபடாமல் இருப்பதற்காகப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார்கள். நாங்கள் அவ்வளவு நேரமும் இடதுபக்க மூலையில் நின்ற ஒரு பாவப்பட்ட மனிதனைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறோம்.

வேறு லிங்க் தேடினேன். இதில் எழுத்து நேராக இருந்தது. மச்சானும் இருந்தான். தன் வாப்பாவைப்போலப் பின்னால் கை கட்டி, ஒரு கையால் மற்ற முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அல்லாஹ்வே, இதுதான்" என்றார் மாமி. சொல்லி வாய் மூடுவதற்குள் மேல் வலது மூலையில் ஒரு விளம்பரப் பெட்டி திறந்தது. சூதாட்ட விளம்பரம். அதில் ஒரு பெண், துணிக்குப் பெரிய செலவு செய்யாதவள், எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். மச்சான் அவளுக்குப் பின்னால் முழுதாக மறைந்துபோனான்.

நான் கதிரையிலிருந்து பாய்ந்து, பிளேன்டிக் கோப்பைகள் கொண்டுவந்த தட்டத்தைத் தூக்கி அவள்மேல் பிடித்தேன். மாமியின் முன்னால் அவளைத் திறந்துவைக்கவும் முடியாது. தட்டத்தால் மறைத்தால் மச்சானும் மறைகிறான். மனைவி கதிரையில் ஏறி மூடும் குறியை அமத்தினாள். அமத்த அமத்தப் புதிய பெண்கள் வந்தார்கள்.

"மகள், அவர்ட்டச் செல்லு, அந்தப் பொம்புளைய அங்கால போகச் செல்லி."

அவள் ஒருவழியாகப் போனாள். இனி எங்களுக்குப் பெரிய பிரச்சினை பந்துதான். பந்து வலப்பக்கம் வந்தால்தான் கமராவும் அங்கே வரும், மச்சானும் தெரிவான். முதற்பாதியில் வெள்ளைச் சட்டைக்காரர் வலப்பக்கம் அடித்தார்கள், ஆகவே நாங்கள் வெள்ளைச் சட்டை. மூலையிலிருந்து அடிக்கும் கோணர் கிடைத்தால் எங்களுக்குப் பெருநாள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். சிவப்புச் சட்டை வலப்பக்கம் வந்தது. நாங்களும் கூச்சமில்லாமல் சிவப்பானோம். எங்கள் ஊர்த் தேர்தலில்கூட இவ்வளவு சுறுக்காக எவரும் கட்சி மாறியதில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தை இடப்பக்கம் கொண்டுபோனபோது மாமி, "இவன் என்னத்துக்கு அங்கால கொண்டு போறான், வேற வேல இல்லையா?" என்று ஏசினார். அந்தப் பக்கம்தான் அவன் கோல் அடிக்கவேண்டிய பக்கம் என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை.

மச்சான் நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். சனத்தைப் பார்த்து நிற்பதுதான் வேலை. திரும்பக்கூடாது. ஆட்டம் முடியும் நேரம் கிட்டக் கிட்ட மாமியின் தஸ்பீஹ் மணிகள் வேகமாக உருண்டன. இவ்வளவு பாடும் பட்டு, கடைசியில் இவன் ஒரு எட்டுக்கூட வைக்காமல் ஆட்டம் முடிந்துபோனால் மாமியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அப்போது அந்த மூலையில் ஒரு ரசிகன் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்தான். மச்சான் சட்டென்று திரும்பி அவனைத் துரத்தி ஓடினான்.

படம் நின்றது.

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கதிரையில் தாவி ஏறி, திரும்பத் திறக்கக் கையை நீட்டினேன்.

"மருமகன், தொடாதீங்க!"

கையை நீட்டியபடியே நின்றேன். மாமி கதவோரத்தை விட்டு அறைக்கு நடுவே வந்து நின்றிருந்தார். என்னைத்தான் பார்த்தார். மனைவி வாயைத் திறந்தாள். சொல்லிக் கொடுக்க அவளுக்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

"அத அப்படியே வைங்க."

நான் அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். மச்சான் பாதி ஓட்டத்தில் நின்றான். ஒரு கால் பின்னால் அந்தரத்தில் தூக்கி இருந்தது. உடம்பின் முழுப் பாரமும் மற்றக் காலில்.

"இது எந்தக் கால்?" என்றார் மாமி. பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இதும் கண்ணாடிப் படமா?"

நான் இறங்கி, டீவிக்குக் கிட்டப் போய், ஓரத்துப் பலகையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் நேர். "இல்ல மாமி. நேர்ப்படம். ஊண்டி இரிக்கிறது இடக்கால்தான்."

மாமி திரையருகே குனிந்து அந்தக் காலை விரலால் தொட்டார். தொட்ட விரலை முத்தமிட்டார். "அல்ஹம்துலில்லாஹ். ஓடுறான்" என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன், அதை மறைக்கத் தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் கூரை பறக்கும் அளவுக்குக் கூச்சல் கேட்டது. கோல். எவன் அடித்தான், எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. மெட்சைத் திரும்பத் திறக்கக் கை அரித்தது. ஆனாலும் அந்த அலுமாரிக்குக் கிட்ட நான் போகவில்லை. டேட்டா முடிந்து திரை தானாக இருளும்வரை அந்தப் படம் அப்படியே இருந்தது. யாராவது உள்ளே குதித்தால் கமராவை உடனே வேறு பக்கம் திருப்பிவிடுவார்களாம். காசு கட்டிப் பார்த்த காக்காவின் விறாந்தையில் மச்சான் ஓடியதை ஒருவரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது. "உம்மா, பார்த்தீங்களா?"

"பார்த்த மனே. ஓடினாய்."

"கொஞ்சம் நோகும் உம்மா. ஆனா ஓட ஏலும்" என்றான். பிறகு, "அந்தக் கோல் எப்படிப் போன உம்மா? எனக்கு முதுகுப்பக்கம். முன்னுக்கு நிண்ட சனம் எல்லாம் துள்ளிச்சு. திரும்பிப் பார்த்தா வேல போயிரும்."

மாமி மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கிளிப்பு எடுத்துப் பார்க்கலாம்தான்" என்றான் மச்சான். "ஆனா நீங்க செல்லுங்க உம்மா. நீங்க பார்த்ததக் கேக்கத்தான் ஆச."

"நாளைக்குச் செல்றன் மனே. இப்ப இஷாவுக்கு நேரமாகிது" என்று மாமி போனை வைத்துவிட்டார். அந்த இரவுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

அடுத்தநாள் காலையில் கோல் விழும் துண்டு வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டேன். மாமி கதவோரத்துக்கே திரும்பிப் போயிருந்தார். வீடியோவில் பந்து போனது, வலை அசைந்தது, ஆயிரக்கணக்கான சனம் துள்ளியது. அந்த மூலையில் ஒருவன் மட்டும் கை கட்டித் திரும்பாமல் நின்றான்.

"மகள், அவர்ட்டச் செல்லு, இன்னொருக்காப் போடச் செல்லி."

போட்டேன். திரும்பவும் போட்டேன். மாமி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மகள், அவர்ட்டக் கேளு, கோல் எந்தப் பக்கத்தால போன எண்டு. புள்ள கேட்டா நான் செல்லணுமே."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. நானும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.